ஹாலோவீனும் கிறிஸ்தவக் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அக்டோபர் பிறந்தாலே ஒரு தலைவலி கூடவே வரும். அக்டோபர் 31 இரவில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன்தான் அது. கடைகளில் எலும்புக்கூடுகள் தொங்கும். எதிர்வீட்டுப் புல்வெளியில் தெர்மாகோல் கல்லறைகள் முளைக்கும். பள்ளியிலிருந்து வேஷம் போட்டு வரச் சொல்லிக் கடிதம் வரும். சபை வாட்ஸ்அப் குழுவில் ‘இது சாத்தானின் பிறந்தநாள், ஜாக்கிரதை’ என்று ஒரு ஃபார்வர்டும் தவறாமல் வரும்.

நான் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பெண். வீட்டுக்காரர் தூத்துக்குடி கத்தோலிக்கர். நியூ ஜெர்சியில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறோம். சண்டே ஸ்கூலில் பாடம் எடுப்பதால் மற்ற பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளே கீழே இருப்பவை. நான் இறையியல் படித்தவள் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதையும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

இது சாத்தானுடைய பண்டிகைதானே?

பெயரிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ‘ஆல் ஹாலோஸ் ஈவ்’ என்பது தேய்ந்து ஹாலோவீன் ஆனது. ஹாலோ என்றால் பரிசுத்தவான். கர்த்தருடைய ஜெபத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘ஹாலோட் பி தை நேம்’ என்கிறோமே, ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’, அதே சொல்தான். டிசம்பர் 24 கிறிஸ்துமஸ் ஈவ் என்பதுபோல, நவம்பர் 1 சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு முந்தின இரவு இது. அதற்கடுத்த நாள் நவம்பர் 2, நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கல்லறைத் திருநாள். மூன்று நாளும் ஒரே சரட்டில் கோத்தவை.

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் ‘பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்’ என்று சொல்லிவிட்டு உட்காருகிறோம். அந்த ஒரு வரிக்காகவே சபை ஒதுக்கி வைத்த நாள் அது. 609ஆம் ஆண்டை ஒட்டி ரோமில் பழைய ரோமத் தெய்வங்களின் பாந்தியன் கோயிலை மரியாளுக்கும் இரத்தசாட்சிகளுக்கும் பிரதிஷ்டை செய்தபோது தேதி மே 13. பிறகு மெல்ல நவம்பர் 1 நிலைத்தது. 835இல் பிராங்கிய அரசு (இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதிகள்) முழுவதற்கும் அதுவே நாளானது. 1000ஆம் ஆண்டை நெருங்கும்போது பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓதிலோ, மரித்த விசுவாசிகள் எல்லாருக்காகவும் ஜெபிக்க நவம்பர் 2ஐ ஏற்படுத்தினார்.

வீடு வீடாகப் போய்த் தின்பண்டம் வாங்கும் பழக்கமும் இங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை. இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் அந்த நாட்களில் கதவைத் தட்டி ‘ஆன்மா ரொட்டி’ என்ற சின்னக் கேக்கை வாங்கிக்கொண்டு, அந்த வீட்டில் மரித்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லிப் போவார்கள். சீர்திருத்தச் சபைகள், மரித்த ஆத்துமாக்கள் சுத்திகரிக்கப்படும் இடம் எனப்பட்ட உத்தரிக்கிற ஸ்தலத்தையும் மரித்தோருக்கான ஜெபத்தையும் தள்ளியபோது அந்த ரொட்டியின் அர்த்தமும் போய்விட்டது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் மாறுவேஷத்தில் வீடு வீடாகப் போவது மட்டும் தங்கியது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பிழைக்க வந்த ஐரிஷ்காரர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். ‘டிரிக் ஆர் ட்ரீட்’ (தின்பண்டம் தா, இல்லாவிட்டால் குறும்பு செய்வோம்) என்ற கூவல் 1920களில்தான் கனடாச் செய்தித்தாள்களில் அடிக்கடி தென்படத் தொடங்குகிறது. போர்க்காலச் சர்க்கரை ரேஷன் 1947இல் முடிந்த பிறகுதான் அது இன்றுள்ளபடி ஊரெங்கும் பரவியது.

சாத்தானுக்கு இதில் பிறந்தநாள் எங்கே வருகிறது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. இன்றைக்கு இந்த நாளுக்கு எஜமான் யார் என்று கேட்டால் வியாபாரம் என்பேன். 2023இல் அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்குச் செலவழிக்கப்போவது 1,220 கோடி டாலர் என்று அந்நாட்டுச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. ‘தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது’ என்ற வசனத்தை ஏனோ அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டில் யாரும் சேர்ப்பதில்லை.

ஆனால் வேர் புறமதம்தானே? பழைய அயர்லாந்தின் சம்ஹைன் என்ற செத்தவர் பண்டிகையைச் சபை அப்படியே எடுத்துக்கொண்டது என்கிறார்களே?

சம்ஹைன் என்று எழுதினாலும் ஐரிஷ்காரர்கள் ஏறக்குறைய ‘சாவின்’ என்று ஒலிக்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது ஒரு மாதிரி விழும். சாவுக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. கோடை முடிவு என்று பொருள் சொல்வார்கள். ஆடுமாடுகளை மேய்ச்சலிலிருந்து ஓட்டிவந்து குளிர்காலத்துக்குத் தயாராகும் நாள். ‘சம்ஹைன் என்பது மரண தேவனின் பெயர்’ என்று கைப்பிரதிகளில் அச்சடிக்கிறார்கள். அப்படி ஒரு தேவன் கிடையாது, அது ஒரு நாளின் பெயர்.

அன்றைக்கு அமானுஷ்ய சக்திகள் உலாவும் என்ற நம்பிக்கை பழைய ஐரிஷ் கதைகளில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது செத்தவர்களுக்கான பண்டிகையாக இருந்தது என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் காட்டியிருக்கிறார். இன்னொரு வேடிக்கை: 800ஆம் ஆண்டை ஒட்டி அயர்லாந்துச் சபையே பரிசுத்தவான்கள் நாளை ஏப்ரல் 20இல் அனுசரித்தது. நவம்பர் 1 என்ற தேதி ஜெர்மானியப் பக்கமிருந்து அங்கே போனது. ஐரிஷ் பண்டிகையை மூடி மறைக்கத்தான் சபை அந்தத் தேதியைப் பிடித்தது என்ற கதை இங்கேயே ஆட்டம் காண்கிறது.

இன்றைக்குக் காணாமல் போன ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பெண்கள் அந்த இரவில் ஆப்பிள் தோலை அறாமல் சீவித் தோளுக்குப் பின்னால் எறிவார்கள். அது விழும் வடிவம் எந்த எழுத்தோ, அதுதான் வரப்போகும் கணவனின் முதலெழுத்து. அதாவது குறி பார்ப்பது. வேதம் நேராகக் கண்டிக்கிற பகுதி அதுதான். இப்போது அது எங்கள் தெருவில் இல்லை. மிட்டாய்தான் மிச்சம்.

புறமத வேர் இருந்தால் தொடக்கூடாது என்று ஒரே அடியாக முடிவெடுப்பவர்கள் ஒரு தகவலையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான ஆங்கிலேயப் புராட்டஸ்டண்டுகள் 1659இல் ஒரு சட்டம் போட்டார்கள்: கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. அவர்களும் வசனத்தோடுதான் பேசினார்கள்.

வேதாகமம் தடை செய்கிறதா, இல்லையா?

ஹாலோவீன் என்ற சொல் வேதத்தில் இருக்க வழியில்லை. எல்லாரும் திறப்பது உபாகமம் 18ஆம் அதிகாரம். குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் என்று ஒரு பட்டியல் வரும். இவர்கள் உங்களுக்குள்ளே இருக்கவேண்டாம் என்று முடியும். இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஓயிஜா போர்டு, ஆவியை அழைக்கும் விளையாட்டு, டாரட் சீட்டு எதுவும் எங்கள் வீட்டுக்குள் வராது. நம் ஊர்ப் பெண்கள் விடுதியில் மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு ரூபாய்க் காசில் விரலை வைத்து ‘வந்திருக்கியா?’ என்று கேட்ட அனுபவம் என் வயதுக்காரிகள் பலருக்கு உண்டு. அது இந்தப் பட்டியலுக்குள் வரும். தேனீ வேஷம் போட்ட ஐந்து வயதுக் குழந்தை வராது.

அந்தப் பட்டியலில் இரண்டாவதாக இருப்பதை மறுபடி பாருங்கள்: ‘நாள்பார்க்கிறவனும்’. முகம் வெட்டி உள்ளே விளக்கு வைத்த ஹாலோவீன் பூசணிக்காயைப் பார்த்துப் பதறுகிற எத்தனை கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது ராகுகாலம் தவிர்த்து நேரம் குறிக்கிறார்கள்? நான் எண்ண ஆரம்பித்தால் சொந்தத்தில் சண்டை வரும்.

எனக்கு உதவியது உபாகமத்தைவிட 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை. கொரிந்துச் சந்தையில் விற்கும் இறைச்சியில் கோயில்களில் படைத்ததும் கலந்திருக்கும். வாங்கலாமா என்பது கேள்வி. நமக்கு இது புதிதா என்ன? ஆயுதபூஜைக்கு மளிகைக் கடைக்காரர் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு மாமி முறுக்கு கொடுத்தனுப்புவார். ஒரு வீட்டில் வாங்கித் தின்பார்கள், ஒரு வீட்டில் ஜெபித்துவிட்டுத் தின்பார்கள், ஒரு வீட்டில் சிரித்தபடி வாங்கிக் கொல்லைப்பக்கம் போட்டுவிடுவார்கள். பவுல் சொன்ன பதில்: கடையில் விற்கிற எதையும் வாங்கிப் புசிக்கலாம், மனச்சாட்சியினிமித்தம் ஒன்றையும் விசாரிக்கவேண்டியதில்லை. ஆனால் ‘இது விக்கிரகத்துக்குப் படைத்தது’ என்று ஒருவன் சொன்னால், அவன் நிமித்தம் புசியாதிருங்கள்.

இதன் பின்பாதியை நான் நேரில் பார்த்தேன். எங்கள் ஜெபக்குழுவில் ஓர் அக்கா. அவருடைய அப்பா கிராமத்தில் கோடங்கி, உடுக்கடித்துக் குறி சொன்னவர். சின்ன வயதில் நடுராத்திரி வீட்டில் நடந்ததையெல்லாம் பார்த்து வளர்ந்தவர் அக்கா. ஒரு வருடம் பிள்ளைகளின் கூடுகையில் ஒரு பையன் மண்டையோட்டு முகமூடியோடு வந்தான். அக்கா கையிலிருந்த பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அது ஐந்து டாலர் பிளாஸ்டிக். அவருக்கு அப்படி இல்லை. அடுத்த வருடத்திலிருந்து அந்தக் கூடுகைக்கு முகமூடி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். யாரும் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை.

‘பொல்லாங்காய்த் தோன்றுகிற எல்லாவற்றையும் விட்டு விலகுங்கள்’ என்று 1 தெசலோனிக்கேயரில் இருக்கிறதே?

இருக்கிறது, 5:22. முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: ‘எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.’ சோதிக்கும் வேலையைத் தாண்டிக் குதித்து விலகுகிற வேலைக்குப் போக முடியாது. மூல கிரேக்கச் சொல்லுக்கு ‘வகை’ என்றும் பொருள் உண்டு என்பதால் புதிய மொழிபெயர்ப்புகள் பல ‘எல்லாவிதத் தீமையையும்’ என்றே போடுகின்றன. பார்வைக்குப் பொல்லாங்காகத் தோன்றுவதையெல்லாம் விலக்க வேண்டுமென்றால் ஊரார் வெறுத்த ஆயக்காரர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த இயேசுவை என்ன சொல்வது?

ஒரு பாஸ்டர் கூடவே கூடாது என்கிறார், இன்னொரு சபையில் அவர்களே மிட்டாய் கொடுக்கிறார்கள். யார் சொல்வது சரி?

சபைக்குச் சபை இது மாறும். கத்தோலிக்கர்கள் பொதுவாகப் பிள்ளைகளைத் தடுப்பதில்லை; மறுநாள் பூசைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பெந்தெகொஸ்தே சபைகளிலும் சுவிசேஷ சபைகள் பலவற்றிலும் எதிர்ப்பு அதிகம். யெகோவா சாட்சிகள் அறவே கொண்டாடுவதில்லை. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்குப் பரிசுத்தவான்கள் நாளே வேறு, பெந்தெகொஸ்தேவுக்கு அடுத்த ஞாயிறு.

லுத்தரன்களுக்கு அக்டோபர் 31 சீர்திருத்த நாள். 1517இல் அதே தேதியில்தான் மார்ட்டின் லுத்தர், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கேள்வி கேட்கும் 95 கருத்துரைகளை மைன்ஸ் பேராயருக்கு அனுப்பினார். விட்டன்பர்க்கில் அவர் அவற்றைக் கதவில் அறைந்ததாகச் சொல்லும் கோயிலின் பெயரே சகல பரிசுத்தவான்கள் கோயில். மறுநாள் திருநாளுக்கு அங்கே கூட்டம் வரும். 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கிய வழியில் வந்த நம் லுத்தரன் சபையாருக்கு இந்தத் தேதி நன்றாகத் தெரியும்.

எனவே யார் சரி என்ற கேள்விக்கு ரோமர் 14:5தான் என் பதில்: ‘அவனவன் தன் தன் மனதிலே முழுநிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்.’ உங்கள் பாஸ்டர் வேண்டாம் என்றால், அந்தச் சபையில் நீங்கள் இருக்கும்வரை அவரிடம் பேசுங்கள், காரணம் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் பிள்ளையை அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று வாயைப் பொத்துவது மட்டும் வேண்டாம். மிட்டாயைவிட அது அதிகம் கெடுக்கும்.

டிரங்க் ஆர் ட்ரீட், ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல் என்று சபைகள் நடத்துவது நல்ல மாற்றுதானே?

சபை வாகன நிறுத்தத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து அலங்காரம் செய்து, பிள்ளைகள் கார் காராகப் போய் மிட்டாய் வாங்குவதுதான் டிரங்க் ஆர் ட்ரீட். சின்னப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, மழை வந்தால் உள்ளே ஓடிவிடலாம். நோவாவின் பேழையாக ஒரு டிக்கியை மாற்றியிருந்தார்கள், பொம்மை ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து பின்கண்ணாடி வழியாக நீட்டிக்கொண்டு நின்றது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று, அங்கே வருவது சபைப் பிள்ளைகளே. அதே இரவில் நம் தெருவில் இருக்கிறவர்கள் நம் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள்.

ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல் என்ற பெயரைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். அது நம் அறுப்பின் பண்டிகை அல்லவா! எங்கள் ஊர்க் கோயிலில் வாழைத்தாரும் தேங்காயும் முதல் ஈட்டு முட்டையும் உயிர்க்கோழியும் காணிக்கையாக வந்து ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். ஒருமுறை எங்கள் தாத்தா ஒரு பூசணிக்காயை வீம்புக்கு ஏலம் கேட்டு எடுத்து, ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இங்கே உள்ள ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல்களில் அறுவடையும் இல்லை, ஏலமும் இல்லை. ஹாலோவீன்தான், பெயர்ப்பலகை மட்டும் வேறு. பிள்ளைகளுக்கு அது தெரியும்.

எந்த வேஷம் போடலாம், எது கூடாது?

எங்கள் வீட்டு அளவுகோல் லேசானது. அந்த வேஷத்தில் பாட்டிக்கு வீடியோ கால் போட முடியுமா? முடியுமென்றால் சரி. ரத்தம் வழிகிறது, குடல் தொங்குகிறது, கழுத்தில் கத்தி என்றால் கடையிலேயே வைத்துவிட்டு வருவோம். பிசாசு வேஷமும் வேண்டாம் என்றிருக்கிறோம். அதைப் போட்டால் பிசாசு பிடிக்கும் என்பதற்காக இல்லை. பிசாசு கொம்பும் வாலுமாக ஒரு கோமாளி என்று பிள்ளை நினைத்துக்கொள்வதில் எனக்கு இஷ்டமில்லை. சூனியக்காரித் தொப்பி வைப்பதில் வீட்டுக்காரருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. மகள் மூன்று வருடமாகக் கேட்கிறாள்.

பேசாமல் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடலாமா?

இந்த ஊர் மரியாதைப்படி வாசல் விளக்கு எரிந்தால் தட்டலாம், எரியாவிட்டால் தட்டக்கூடாது. அணைத்துவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நாங்கள் வந்த முதல் வருடம் அதைத்தான் செய்தோம். வாசல் விளக்கை அணைத்தோம், ஹால் விளக்கையும் அணைத்தோம். பின்னறையில் மொபைல் வெளிச்சத்தில் பிள்ளைகளுக்கு இட்லி ஊட்டினேன். விளக்கைக் கவனிக்காத யாரோ மணி அடித்தார்கள். மகன் எழுந்து ஓடப் பார்த்தான். இழுத்து உட்கார வைத்தேன். ‘அம்மா, நாம ஏன் ஒளிஞ்சிருக்கோம்? யாரு வந்திருக்கா?’ என்று ரகசியக் குரலில் கேட்டான். வெளியே இரண்டு குட்டிப் பிள்ளைகள், ஒன்று வாத்து, ஒன்று தீயணைப்பு வீரர், அவர்களின் அப்பா கையில் டார்ச். ஜன்னல் திரை விலக்கிப் பார்த்தேன். இட்லித் தட்டோடு இருட்டில் பதுங்கியிருந்தது நாங்கள்தான். ‘தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்’ என்று மனப்பாட வசனம் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

மனச்சாட்சி ஒப்பவில்லை என்று விளக்கை அணைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வெளியே போய் பீட்சா சாப்பிடுங்கள், படம் பாருங்கள். ஒளிந்துகொள்ளாதீர்கள்.

மிட்டாயோடு சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பெரிய சாக்லேட்டோடு. மிட்டாய் இல்லாமல் கைப்பிரதி மட்டும் கொடுத்தால் அந்த வீடு அடுத்த பத்து வருடத்துக்குத் தெருவில் பேர்பெற்றுவிடும். நரகத் தீ படம் போட்டது வேண்டவே வேண்டாம். வாங்குவது ஆறு வயதுப் பிள்ளை.

இதைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு. 1950இல் பிலடெல்பியாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகரும் அவர் மனைவியும், கிளைட் அலிசன், மேரி எம்மா அலிசன், தங்கள் பிள்ளைகளை மிட்டாய்க்குப் பதில், ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்குக் காசு கேட்டு வீடு வீடாக அனுப்பினார்கள். அப்படி உண்டியல் பெட்டியோடு போகும் பழக்கம் பிறகு நாடு முழுக்கப் பரவியது. வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி வைத்திருக்கும் வீட்டைப் பார்த்திருப்பீர்கள்: அங்கே உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு மிட்டாய் அல்லாத சின்னப் பொம்மை கிடைக்கும். வேர்க்கடலை தொட்டாலே மருத்துவமனைக்கு ஓடும் பிள்ளையின் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பிரசங்கம் கிடையாது.

மிட்டாயில் விஷம், பிளேடு என்கிறார்களே?

முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் பிள்ளை செத்ததாகச் சொன்ன செய்திகளை 1958 முதல் தோண்டிப் பார்த்தவர் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட். உறுதியான ஒரு வழக்கும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்தான். வைத்தது காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய சொந்த அப்பா.

நிஜமான ஆபத்து கார். 42 வருட விபத்துக் கணக்கை ஆராய்ந்து 2018இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஹாலோவீன் மாலையில் நடந்துபோகிறவர் வண்டியில் அடிபட்டுச் சாகும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 விழுக்காடு அதிகம் என்றது. கறுப்பு வேஷத்தின் மேல் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள், கையில் டார்ச் கொடுங்கள், முகமூடி கண்ணை மறைக்கிறதா பாருங்கள். ஆவிகளைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவழிக்கலாம்.

பள்ளியில் கொண்டாட்டம் என்றால்?

ஆசிரியரிடம் முன்கூட்டியே சொன்னால் பிள்ளைக்கு வேறு வேலை கொடுப்பார்கள். வேறு சில மதத்தவரும் கேட்பதுண்டு. பல பள்ளிகள் இப்போது ‘இலையுதிர்கால விழா’ என்று மாற்றிவிட்டன. கடைசி நாள் காலையில் மெயில் அனுப்பாதீர்கள்.

சபையே பேய் வீடு, நரக வீடு என்று நடத்துகிறதே, அதற்குப் போகலாமா?

1972இல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்கில் பாப்டிஸ்ட் போதகர் ஜெரி ஃபால்வெல்லின் ஊழியத்தார் ‘ஸ்கேர்மேர்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு ‘ஹெல் ஹவுஸ்’ பரவியது. அறை அறையாகக் கூட்டிப்போய் விபத்து, தற்கொலை, கடைசியில் நரகம் என்று நடித்துக் காட்டி, முடிவில் இயேசுவை ஏற்றுக்கொள்ளக் கூப்பிடுவார்கள். பூசணிக்காயில் முகம் வெட்டுவது பாவம் என்று சொல்லும் அதே வாயால் இதை ஊழியம் என்பது எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. பயமுறுத்தி வந்த விசுவாசம் பயம் தெளிந்ததும் போய்விடும். நான் அனுப்ப மாட்டேன்.

பிள்ளை ‘பேய் இருக்கா?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

ஏற்கெனவே நம் ஊர்ப் புளியமரத்துப் பேய்க்கதைகளைச் சொல்லிச் சாப்பாடு ஊட்டினவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும்! செத்தவர்கள் அலைந்து திரிந்து நம்மைப் பிடிக்க மாட்டார்கள், அவர்கள் கர்த்தரிடத்தில் இருக்கிறார்கள் என்று நான் சொல்வேன். தீமை உண்டு, ஆனால் அது வெள்ளைப் போர்வையில் வராது என்பதை வயது வந்தபின் சொல்லிக்கொள்ளலாம். அழுதால் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பழகிக்கட்டும் என்று இன்னும் நான்கு வீடு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஊரிலிருக்கும் பெரியவர்களிடம் எப்படி விளக்குவது?

என் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து போன் பண்ணி, ‘ஏ பிள்ள, அங்க பேய்க்கெல்லாம் பண்டிகை கொண்டாடுதியளாமே?’ என்றார். விளக்கிப் பார்த்தேன், ஏறவில்லை. பிறகு, ‘கல்லறைத் திருநாளுக்கு முந்தி ரெண்டாம் நாள் ராத்திரிம்மா. சின்னப் பிள்ளைங்க வேஷம் போட்டு வீடு வீடாப் போய் மிட்டாய் வாங்குதுங்க’ என்றேன். ‘அப்படியா? கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் மாதிரியா?’ என்று கேட்டுவிட்டு மருந்து, மழை என்று பேச்சை மாற்றிக்கொண்டார். என்னுடைய பத்து வரி வரலாற்றைவிட அது நல்ல விளக்கம்.

2024இல் தீபாவளியும் அக்டோபர் 31இலேயே வந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அகல்விளக்கு, அடுத்த வீட்டில் எலும்புக்கூடு. மகள் பையில் சாக்லேட்டோடு இரண்டு அதிரசமும் விழுந்தது. அன்றைக்குக் கொரிந்தியரை யாரும் திறக்கவில்லை.

சரி, நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?

ஒரு வாரம் முன்பே பூசணிக்காய் வாங்கிவிடுவோம். வெட்டுவதற்கென்று விற்பது சாம்பாருக்கு ஆகாது, சுவையே இராது. ஒருமுறை முயன்று பார்த்துக் கொட்டினேன். விதையை மட்டும் அலசி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி ஓவனில் வறுப்பேன். பழைய அயர்லாந்தில் இதே விளக்கை டர்னிப் கிழங்கில் குடைந்திருக்கிறார்கள். மேயோ மாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்றின் முகத்தைப் படத்தில் பார்த்துவிட்டு, நம் பூசணி எவ்வளவோ தேவலாம் என்று பிள்ளைகள் முடிவுக்கு வந்தார்கள்.

31 மாலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டுக்குள் திரும்புவோம். ஒருவர் பிள்ளைகளோடு, ஒருவர் வாசலில். மிட்டாயில் பாதி வீட்டுக்காரரின் அலுவலகத்துக்குப் போய்விடும். மறுநாள் பரிசுத்தவான்கள் திருநாள் பூசை. சூப்பர்மேன் வேஷத்தோடு வருவேன் என்று மகன் அடம்பிடிப்பான், உடுப்பு மாற்றுவதற்குள் முதல் வாசகம் முடிந்திருக்கும்.

நவம்பர் 2க்கு ஊரில் என் நாத்தனார், மாமனாரின் கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு, சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அங்கே அந்தி சாயும்போது இங்கே காலை. வீடியோவில் எல்லாரும் கூடுவோம். போன வருடம் கடற்காற்று விடவில்லை. ‘மைனி, ஒரு மெழுகுவத்திகூட நிக்க மாட்டேங்குது, எத்தனை தடவை கொளுத்துறது?’ என்று நாத்தனார் கத்திக்கொண்டிருந்தாள். மகன் வாசலைப் பார்த்தான். அணில் ஒரு பக்கம் தின்று தீர்த்த எங்கள் பூசணி அங்கே சாய்ந்து கிடந்தது. ‘அம்மா, பூசணிக்குள்ள வச்சா அணையாதுன்னு அத்தைகிட்ட சொல்லு’ என்றான்.